நாற்காலி தூக்கிய பூட்டனார்

கொடைக்கானலின் சரித்திரம் எந்த வருஷத்தில் ஆரம்பமாகிறது என்று அவ்வூரில் யாரைக் கேட்டாலும் தயக்கமில்லாமல் விடை கிடைக்கும். 1821ஆம் வருஷத்தில் வார்டு என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் அளவைக் காரியமாகப் பழனி மலைமேல் ஏறினார் என்றும், 1834இல் மதுரைச் சப் கலெக்டர் ராட்டன் துரை செண்பகனூர்ப் பக்கம் ஒரு சிறு பங்களாவைக் கட்டிக்கொண்டார் என்றும், மதுரையில் காலராவுக்கும் விஷசுரத்துக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்து, சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்து, அங்கும் சுரம் விடாமையால் மனம் நொந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் இங்கே முதல் இரண்டு வீடுகளை எழுப்பினார்கள் என்றும், 1863இல் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார் என்றும், 1872இல் கோக்கர் என்பவர் மலைவிளிம்பில் நடைபாதை போட்டார் என்றும் ஏரிக்கரையில் குதிரையை வாடகைக்கு விடும் பையன் கூடச் சொல்லிவிடுவான்.

இவற்றில் ஒன்றும் பொய்யன்று. ஆனால் வார்டு துரையின் அளவைச் சங்கிலி வருவதற்கு முன்னும் அம்மலையில் ஜனங்கள் இருந்தார்கள். கோடை மலைக்குத் தலைவனான கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. மலைமேல் ஆங்காங்கே கிடக்கும் கற்பதுக்கைகளை ஆங்லாத், நியூட்டன் என்னும் இரண்டு ஏசு சபைப் பாதிரிமார் ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகாவே 1928இல் வெளியிட்டது. வில்பட்டியிலும் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிப்படியாக வயல் திருத்திப் பயிரிட்டுவரும் குன்னுவர்கள், தங்கள் முன்னோர் கொங்கு நாட்டுச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறி வந்தவர்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்கும் முன்னே பளியர்கள் இருந்தார்கள். இவ்வளவும் இருக்க, ஊரின் ஜாதகத்தை ஒரு சர்வே உத்தியோகஸ்தரின் வருகையிலிருந்து கணிப்பது எனக்கு எப்போதும் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

எனக்கு இதில் சொந்தமாக ஓர் அக்கறை உண்டு. துரைமார் மலையேறினார்கள் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அவர்களில் பெரும்பாலோர், அவர்களிலும் துரைசானிகளும் குழந்தைகளும் நோயாளிகளும், தம் காலால் ஏறினவர்களல்லர். சாய்வு நாற்காலியின் இரு பக்கத்திலும் நீண்ட மூங்கில் கழிகளைப் பிணைத்து, நால்வர் தோள் கொடுத்து, ஆளின் கனத்துக்கும் வழியின் ஏற்றத்துக்கும் தக்கபடி மாற்றுத் தோள்களை உடன் அழைத்துக்கொண்டு அவர்களைச் சுமந்து சென்ற ஒரு கூட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. என் தகப்பனாரின் பாட்டனார், எனக்குப் பூட்டனார், அக்கூட்டத்தில் ஒருவர்.

அக்காலத்துப் பிரயாணத்தைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் அப்பத்தாள் சொல்லக் கேட்டதுதான். பிற்பாடு 1906இல் பிரான்சிஸ் என்பவர் தொகுத்த மதுரை ஜில்லா கெஜட்டியரையும், கொடைக்கானலின் நூற்றாண்டை ஒட்டி 1945இல் வைக்காஃப் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதிய நூலையும் படித்தபோது, படிப்பறியாத அந்தக் கிழவி சொன்னவற்றில் பெரும்பகுதி சரியாகவே இருக்கக் கண்டேன். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரெயில் வந்த பிறகு, மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கிக்கொண்டு பெரியகுளம் வழியாகக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து சேருவார்கள். தோப்பில்தான் நாற்காலியும் மட்டக்குதிரையும் சுமைக்கூலிகளும் காத்திருக்கும் வழக்கம். அங்கிருந்து ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்துக்கு, பத்துப் பன்னிரண்டு மைல் தூரம் ஒரே ஏற்றம். அடிவாரத்தில் இரவு தங்கினால் சுரம் வரும் என்று அஞ்சி வெள்ளைக்காரர்கள் விடியுமுன் புறப்பட்டுவிடுவார்கள். தூக்குகிறவர்களுக்கோ தோப்புத்தான் வீடு. சுரத்துக்கு அஞ்சி எங்கே போவது?

பூட்டனாரின் வலத்தோளில் எலுமிச்சங்காய்ப் பருமனுக்கு ஒரு காய்ப்பு இருந்ததாம். கழி ஏறி ஏறிச் சதை கட்டிப்போன இடம் அது. மாமனார் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காரும்போது மருமகள் தூணுக்கு மறைவில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். "கையை வச்சா கல்லு மாதிரி இருக்கும்னு உங்க பாட்டன் சொல்லுவாரு, நான் தொட்டுப் பாத்ததில்லே" என்று அப்பத்தாள் சொல்லுவாள். ஒரு தடவை நிறைமாதமாக இருந்த மனைவியை விட்டுவிட்டு ஒரு துரைசானியை மலையேற்றப் போனவர், மறுநாள் இறங்கி வருகையில் பாதி வழியிலேயே, எதிரே ஏறி வந்த கூட்டத்தார் வாயால் தமக்கு ஆண் குழந்தை பிறந்த சேதியைக் கேட்டாராம். அந்தக் குழந்தைதான் என் பாட்டனார். 1899இல் சென்னையிலிருந்து வான ஆராய்ச்சி நிலையத்தைக் கொடைக்கானலுக்கு மாற்றியபோது 'சூரியனைப் பார்க்கிற கண்ணாடி'ப் பெட்டி ஒன்றையும் பூட்டனார் சுமந்தார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பெருமை வழங்கிவருகிறது. பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1909இல், எவர்ஷெட் என்னும் விஞ்ஞானி சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுகின்றன என்று கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றது அந்நிலையத்தில்தான். பெட்டிக் கதைக்கு எழுத்தாதாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் கைவிட எனக்கு மனம் வருவதில்லை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, இந்தக் கதைகளுக்கு எங்கேயாவது எழுத்துச் சாட்சி அகப்படுமா என்று தேடத் தொடங்கினேன். நம் நாட்டில் பூர்வீகம் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் வாசல் கர்ணத்தின் கணக்குத்தான். கர்ண உத்தியோகம் 1980இல் எடுபட்டுப் போனாலும், பசலி வருஷமிட்ட பழைய கணக்குகள் தாலுகாக் கச்சேரிகளிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் ஓரளவு இருக்கின்றன. நிலமுடைய குடும்பமானால் பாட்டன் பூட்டன் பெயர்களைச் சர்வே நம்பரோடு எடுத்துவிடலாம். நிலமில்லாதவனுக்கு அடங்கலில் வேலை இல்லை. ஜனத்தொகைக் கணக்கிலாவது பார்க்கலாமென்றால், நம் தேசத்தில் எண்ணிக் கூட்டி முடித்த பிறகு ஆட்களின் பெயர் தாங்கிய தாள்களை வைத்திருக்கும் சம்பிரதாயமே கிடையாது.

கடன்தான் எங்களுக்கு உபகாரம் செய்தது. 1914 வாக்கில் மலைக்கு மோட்டார் ஏறத்தக்க பாதை முடிந்து, வத்தலக்குண்டு வழியாகப் போக்குவரத்துத் திரும்பிவிடவே, தோப்பில் நாற்காலி தூக்குகிறவர்களின் ஜீவனம் சில வருஷங்களுக்குள் அற்றுப்போயிற்று. துரைமாரின் சரித்திரத்தில் இது ஒரு மங்கள நிகழ்ச்சி. எங்கள் வீட்டில் அடுப்பு அவிந்த சமயம். அப்போது பூட்டனார் குடியிருந்த வீட்டுமனையை அடமானம் வைத்திருக்கிறார். 1865 முதல் பத்திரங்களைப் பதிவு செய்து நகலெடுத்து வைக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இருந்து வருவதால், அந்த அடமானத்தின் நகல் பதிவாபீசுப் புத்தகத்தில் கிடைத்தது. நம் பத்திரங்களின் முதல் வாக்கியம் இருக்கிறதே, அதற்கு ஈடான வம்ச விருத்தாந்தம் வேறில்லை என்பேன். இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னாருடைய குமாரர் இன்ன ஜீவனம் இன்னார், இன்னாருக்கு எழுதிக்கொடுத்தது என்று மூச்சு விடாமல் ஓடும் அந்த ஒரே வாக்கியத்தில் பூட்டனாரின் தகப்பனார் பெயர் இருந்தது. 'சுமைக்கூலி ஜீவனம்' என்று தொழில் இருந்தது. நான்கெல்லைகளுக்குள் அடைபட்டு எங்கள் வீடு இருந்தது. வடக்கெல்லை ஒரு புளியமரம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், இன்னாருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை என்று குமாஸ்தா எழுதியிருந்தான்.

வட்டி கட்ட வழியில்லாமல் மகனை மலைமேல் பங்களாச் சமையலறைக்கு அனுப்பினார்கள். பாத்திரம் கழுவும் பையனாகப் போன பாட்டனார், உதவிச் சமையற்காரராகி, முடிவில் பட்லராக உயர்ந்தார். பட்லர்மார் ஒவ்வொருவரிடமும் அக்காலத்தில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். எஜமானர்கள் சீமைக்குத் திரும்பும்போது எழுதிக்கொடுக்கும் நற்சாட்சிச் சீட்டுகளை அதில் போற்றி வைப்பார்கள். அடுத்த எஜமானிடம் வேலைக்குப் போய் நிற்கும்போது அவைதாம் யோக்யதாபத்திரம். என் தகப்பனார் காலத்தில் அந்தப் பெட்டியில் ரேஷன் கார்டும் எல்.ஐ.சி. ரசீதும் குடிவந்துவிட்டன, ஆனாலும் சீட்டுகளை யாரும் எறியவில்லை. நாலாக மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்துபோன அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தபோது நான் அடைந்த அநுபவத்தை விவரிப்பது கடினம். ரொட்டி நன்றாகச் சுடுவான், நாணயமானவன், குடிப்பழக்கம் இல்லை, குழந்தைகளிடம் பிரியமுள்ளவன் என்று அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் பிறந்த அம்மையார்கள் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டின பிறகும் அவரைப் 'பையன்' என்றே குறிப்பிடுகிறார்கள். ஒருத்தி மட்டும் ஒரு குறையையும் எழுதி வைத்தாள்: சீசன் நடுவில், வேலை மும்முரமான சமயத்தில், ஊருக்குப் போக லீவு கேட்டுத் தொந்தரவு செய்வான் என்பது அக்குறை. சீட்டிலே கண்ட தேதி 1924ஆம் வருஷம் ஜூன் மாதம். என் தகப்பனார் பிறந்தது அந்த வருஷம் சித்திரைக் கடைசியில். அந்த அம்மாள் புண்ணியவதி. அவள் குற்றமென்று எழுதினது எங்களுக்கு ஜனன சாட்சியாயிற்று.

இந்தத் தேடல் நடுவில் இருக்கையில்தான் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு முதிய மாதின் பரிசயம் கிடைத்தது. கிழக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு கிராமத்துக்காரி. தன் கோயிற் பாரிஷின் சரித்திரத்தையும் தன் குடும்பத்தின் சரித்திரத்தையும் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் ஒரு கிளையினர் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களுடைய குழந்தை ஒன்று கொடைக்கானலில் இறந்து அடக்கமாயிற்று என்று அறிந்து, அந்தக் கல்லைக் காண வந்திருந்தாள். பழைய கல்லறைகளைக் காட்ட ஆள் வேண்டுமென்று யாரோ சொல்ல, நான் உடன் போனேன்.

அவள் தேடும் முறையே தனி. ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பாசியைச் சுரண்டிப் படிக்கும் நம் வழக்கத்தை அவள் பார்த்துப் பதறிவிட்டாள். சுரண்டினால் எழுத்தும் பாசியோடு போய்விடும். கைப்பையிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். கல்லின் பக்கவாட்டில் நின்று காலை வெயிலை அதில் வாங்கி, எழுத்தின்மேல் சாய்வாக விழும்படி திருப்பினாள். ஒன்றுமே இல்லாத வழவழப்பென்று நான் நினைத்திருந்த கல்லில் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் நிழல் தங்கி வரி எழும்பிற்று. பிற்பாடு மலையடிவாரத்து நடுகற்களையும் கோயில் படிக்கல்லில் தேய்ந்த எழுத்துகளையும் நான் அந்த உபாயத்தாலேயே படித்திருக்கிறேன். நாலணாக் கண்ணாடி போதும்; காலையிலோ மாலையிலோ போக வேண்டும்; உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

குழந்தையின் கல் அகப்பட்டது. அவள் சற்று நேரம் மௌனமாக நின்றுவிட்டு, மழைத் தூறலில் ஒதுங்கியிருக்கையில் தன் ஊர்ப் பதிவேடுகளைப் பற்றிச் சொன்னாள். எட்டாம் ஹென்றி அரசனுடைய மந்திரி தாமஸ் கிராம்வெல், 1538இல், ஒவ்வொரு பாரிஷிலும் நடக்கும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் இவற்றைக் குருவானவர் வாரந்தோறும் புஸ்தகத்தில் எழுத வேண்டுமென்றும், அதை இரண்டு பூட்டுள்ள பெட்டியில் வைத்து, ஒரு சாவி குருவிடமும் மற்றொன்று கோயில் மேற்பார்வைக்காரரிடமும் இருக்க வேண்டுமென்றும் உத்தரவிட்டான். 1598இல் காகிதத்தில் இருந்தவற்றைத் தோல் ஏடுகளுக்கு மாற்றினார்கள். 1813 முதல் அச்சிட்ட பாரங்கள் வந்தன; அவற்றில் தகப்பன் என்ன தொழில் செய்கிறான் என்பதற்கும் கட்டம் உண்டு. ஆகவே பிரபுவுக்கு எந்தப் புஸ்தகமோ அவன் கொட்டில் கூட்டுகிறவனுக்கும் அதே புஸ்தகம். அவளுடைய முன்னோரில் பலர் பிறர் நிலத்தில் ஏர் உழுத கூலிகள்தாம்; அவர்களைப் பெயர் பெயராக நானூறு வருஷம் பின்னோக்கிச் சொன்னாள். இந்தியாவுக்கு வந்தவர்களைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு இல்லை. சென்னை ராஜதானியில் நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கல்லறை எழுத்துகளை ஜூலியன் காட்டன் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் தொகுத்து 1905லேயே புஸ்தகமாக்கினார். தென்னாசியாவிலுள்ள அவர்களுடைய இடுகாடுகளைக் காப்பதற்கென்றே 1976இல் லண்டனில் ஒரு சங்கம் ஏற்பட்டது.

கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பொறாமை கல்லின்மேல் அன்று. என் பாட்டனாரை எங்கள் ஊர் ஓடைக்கரையில் புதைத்தார்கள், அடையாளம் வைக்கவில்லை, அது எங்கள் வழக்கம், அதில் எனக்கு யாதொரு வருத்தமும் இல்லை. உழுகிறவனுடைய பெயரையும் எழுதியாக வேண்டும் என்று ஒரு ராஜாங்கம் சட்டம் போட்டதே, அதன்மேல்தான் பொறாமை. அந்தச் சட்டம் வரி வாங்கவும் ஆளடக்கவும் போட்டதாக இருக்கலாம். இருந்தால் என்ன? பெயர் நின்றதல்லவா?

அவளுடைய பேச்சினால் ஒரு நன்மை விளைந்தது. அப்படியொரு புஸ்தகம் எங்கள் மலையிலும் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பாட்டனாரின் தமையனார் ஒருவர் வாலிபத்திலேயே கத்தோலிக்க மதத்தில் சேர்ந்து, செண்பகனூரில் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். அதனால் இரு கிளைகளுக்கும் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. கொடைக்கானலில் சலேத் மாதா கோயில் 1866இல் ஏற்பட்டது. செண்பகனூரில் ஏசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி 1895இல் தொடங்கிற்று. ஏசு சபையார் எதையும் எழுதி வைக்கிறவர்கள். அடிவாரத்துக் கோயில் ஒன்றின் பழைய ஞானஸ்நானப் புஸ்தகத்தில், லத்தீனிலே தலைப்பிட்ட பத்திகளுக்குள், பெரிய பாட்டனாரின் பெயரும் ஞானத் தகப்பன் பெயரும் இருந்தன. அவற்றுக்கு மேல், தாயின் பெயர் இருந்தது. என் பூட்டியின் பெயரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அறியோம். அப்பத்தாளே மாமியாரைத் 'தோப்புக்காரி' என்றுதான் சொல்லுவாள். அடமானப் பத்திரத்திலோ நற்சாட்சிச் சீட்டிலோ ஒரு பெண்ணின் பெயர் நுழைவதற்கு இடமில்லை. மதம் மாறிப்போனார் என்று வீட்டார் எந்த மகனைத் தள்ளி வைத்தார்களோ, அவர் ஒருவர் மூலமாகவே அவர்களுடைய தாயின் பெயர் பிழைத்திருக்கிறது.

பாட்டனார் இறந்த வருஷந்தான் வெகு நாள் பிடி கொடுக்கவில்லை. சுதந்திரத்துக்கு முன்பு என்பார் தகப்பனார். எவ்வளவு முன்பு என்று கேட்டால் கையை விரிப்பார். எங்கள் ஊர்க் காளியம்மன் கோயிலில் ஒரு பித்தளைத் தூக்கு விளக்கு இருக்கிறது. அதன் அடித்தட்டில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, பாட்டனார் பெயரைச் சொல்லி, அவர் ஞாபகார்த்தமாக விய வருஷம் மாசி மாதம் என்று எழுதியிருக்கிறது. சந்தோஷப்படுவதற்கு முன்பே சந்தேகம் வந்தது. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கொருமுறை திரும்புகிறவை; விய வருஷம் 1946லும் வரும், 1886லும் வந்திருக்கும். எங்களில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது மாறாத வழக்கம். பத்திரத்தில் கண்டபடி பூட்டனாரின் தகப்பனாருக்கும் இதே பெயர். விளக்கு யாருக்காக?

விடை வில்பட்டியில் கிடைத்தது. அங்கே அப்பத்தாளோடு சிறு வயதில் உருளைக்கிழங்குக் காட்டில் வேலை செய்த ஒரு மூதாட்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு, 2006இல் மலையெல்லாம் குறிஞ்சி பூத்துக் கிடந்த சமயம் போய்ப் பார்த்தேன். உங்கள் வயதென்ன ஆத்தா என்றேன். "நெனவு தெரிஞ்சு இது ஆறாவது பூ, தம்பி" என்றாள். பளியர்கள் குறிஞ்சிப் பூவைக் கொண்டு வயதெண்ணுவார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களோடு காடு பகிர்ந்து வாழ்ந்த வேளாண் குடிகளிடமும் அந்தக் கணக்கு இருக்கக் கண்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை: 1946, 1958, 1970, 1982, 1994, 2006. எங்கள் பாட்டனாரைத் தெரியுமா என்று கேட்டதற்கு, "பட்லரு தானே? எனக்கு மொதப் பூவு பூத்த வருசம், பூவெல்லாம் காஞ்சு போயி, மாசிப் பனியிலே செத்தாரு. உங்க அப்பத்தா என்னையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா" என்றாள்.

வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினபோது ஒரு விநோதம் புலப்பட்டது. அறுபது பன்னிரண்டால் மீதியின்றி வகுபடுவதால், குறிஞ்சி பூக்கும் வருஷங்களுக்கு என்றைக்கும் ஐந்தே பெயர்கள்தாம்: பவ, விய, விளம்பி, சாதாரண, துந்துபி. பூவை மட்டும் கொண்டு 1886ஐயும் 1946ஐயும் வேறு பிரிக்க முடியாது. இரண்டுமே விய, இரண்டுமே பூத்த வருஷம். ஆனால் கிழவி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். கருமாதிச் சாப்பாட்டுக்கு அரிசி கிடைக்கவில்லை. கண்ட்ரோல் கடை அரிசியில் கல் பொறுக்கினதில் பெண்களுக்கு விரல் நகம் போயிற்று. வந்தவர்களுக்குப் பாதிப் பேருக்குச் சோளச் சோறுதான் போட்டார்கள் என்பது அது. கண்ட்ரோல் என்பது யுத்த காலத்துக்கு முன்னே யாரும் கேட்டறியாத சமாசாரம். ஆகவே விளக்கு என் பாட்டனாருடையதே. அவர் காலமானது 1947ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். எட்டாம் ஹென்றியின் மந்திரி போட்ட உத்தரவு இல்லாமலே ஒரு மரண வருஷத்தை ஆணிக்குத்தும் பூவும் ரேஷன் அரிசியுமாகச் சேர்ந்து நிலைநாட்டின.

அன்று அவள் தானாகவே வேறொரு விஷயமும் சொன்னாள். 1936இல், இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதனுடைய மனைவியாரான, ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவம் தழுவிய லீலாவதி அம்மையார் மலைமேல் குறிஞ்சியாண்டவர் கோயிலைக் கட்டுவித்தபோது, பங்களாக்களில் வேலை பார்த்த சமையற்காரர்களும் ஆயாக்களும் சாயங்காலம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்களாம். 'வெள்ளைக்காரியே முருகனைக் கும்பிடுறா' என்பதில் அவர்களுக்கு அளவில்லாத திருப்தி. பாட்டனார் அங்கே நின்று தமக்கு யாரோ எழுதிக்கொடுத்த சீட்டை அந்த அம்மையாரிடம் காட்டி வேலை கேட்டாரென்று கிழவி சொல்லுவது எவ்வளவு தூரம் மெய்யோ, அறியேன். அவர் சுபாவத்துக்கு ஒத்ததாகத்தான் இருக்கிறது.

கொடைக்கானலைப் பற்றி நோரா மிட்செல் என்னும் பூகோள ஆராய்ச்சியாளர் 1972இல் எழுதிய நூல் மலைவாசஸ்தலம் எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்குவதில் இணையற்றது. ஆனால் எந்தப் பெரிய நூலிலும் நாற்காலி தூக்கினவர்கள் தலைக்கணக்காகவும் கூலி விகிதமாகவுமே வருகிறார்கள். அதற்காக நூலாசிரியர்களை நோவதில் நியாயமில்லை. அவர்களுடைய பெயர்களை அறிந்திருந்தவர்கள் அவர்களுடைய மருமகள்மாரும் பேரப்பிள்ளைகளும்; அவர்கள் எழுதினாலல்லவோ பிறருக்குத் தெரியும்? எங்கள் தோப்பிலிருந்து அக்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் மலையேறின. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று வாத்தியார்களாகவும் கண்டக்டர்களாகவும் பாங்கி உத்தியோகஸ்தர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப்பெட்டி இல்லாமற் போகாது.

ஆகையால் மலைப்பக்கத்து வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்திரமிருந்தால் முதல் வாக்கியத்தைப் பெயர்த்தெழுதுங்கள். போட்டோவிருந்தால் பின்புறத்தில் பென்சிலால் பெயர்களைக் குறியுங்கள், பெண்களின் பெயர்களை முதலில். கடைசியாகக் குறிஞ்சி பூத்தது 2018இல், அடுத்தது 2030இல். 1946ஆம் வருஷத்துப் பூவை நினைவறிந்து பார்த்தவர்களுக்கு அப்போது வயது தொண்ணூறு ஆகியிருக்கும். கேட்க வேண்டியதை அதற்கு முன்பே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.